சூப்பர்வைசர் கையிலிருந்த பத்துப் புள்ளிகள்

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மகளின் கையைப் பிடித்து, அவள் கட்டியிருக்கும் வாட்சின் பொத்தானை ஒரு தரம் அழுத்துவேன். அதில் முள்ளும் கிடையாது, எண்ணும் கிடையாது. கறுப்புக் கண்ணாடிக்குள் சில சிவப்புப் புள்ளிகள் மூன்று நொடி எரிந்து அணையும். மேல் வரிசையில் நான்கு புள்ளி, மணிக்கு. கீழ் வரிசையில் ஆறு, நிமிடத்துக்கு. எந்தப் புள்ளி எரிகிறது என்று பார்த்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். "செல்லுலயே மணி கீதேம்மா, இத இன்னாத்துக்கு நோண்டிகினு கீற?" என்பாள். கல்லூரிக்குப் போகிற பெண். அவளுக்கு எங்கே திரும்பினாலும் மணி கிடைக்கிறது.

எர்ணாவூரில் எறால் உரித்து, உறையவைத்து, கப்பலேற்றும் கம்பெனியில் நான் சேர்ந்தபோது அவளுக்கு ஐந்து வயது. எங்கள் ஹாலுக்கு ஜன்னல் கிடையாது. மோதிரம், வளையல், வாட்ச் எதுவும் எறாலில் விழுந்துவிடக் கூடாதென்று வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். செல்போன் வாட்ச்மேனின் பெட்டிக்குப் போய்விடும். சுவர்க்கடிகாரம் ஈரத்தில் கெட்டு, அதன் ஆணி மட்டும் மிச்சம். சூப்பர்வைசருக்கு மட்டும் இந்தச் சட்டமெல்லாம் கிடையாது; ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போய் நிற்கிற அத்தனை பெண்களுக்கும் அவர் கையிலிருந்த மணிதான் மணி. கப்பலில் வேலை பார்த்த அவருடைய மச்சான் வாங்கிவந்து கொடுத்த வாட்ச் அது. யாராவது கேட்டால் பொத்தானை அழுத்தி, உலகத்தையே கரைத்துக் குடித்தவர் மாதிரி உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னும் ஆவல" என்பார். நேரம் தாண்டித்தான் விட்டீர்கள் என்று மறுநாள் யாராவது சண்டைக்குப் போனால், "வெளிய எந்த டைம் வேணா இருக்கட்டும். உள்ள வந்துட்டா என் வாட்ச் டைம்தான்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஷிப்ட் நாலரைக்கு முடிய வேண்டும். வீட்டுக்காரர் கடலுக்குப் போனால் திரும்ப நாலைந்து நாளாகும். பள்ளிக்கூட ஆயா ஐந்து மணிவரை பிள்ளையை வைத்திருப்பார், பிறகு கேட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். அவருக்கும் வீடு வாசல் இருக்கிறதே. ஒருநாள் நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, பூட்டிய கேட்டுக்கு வெளியே, கன்டெய்னர் லாரிகள் உரசிக்கொண்டு போகும் ரோட்டோரத்தில், பையைக் கட்டிப்பிடித்தபடி மகள் நின்றிருந்தாள். அழக்கூட இல்லை. அதிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்தாலே போதும், மூன்று மணியா ஐந்து மணியா என்று தெரியாமல் எறாலின் தலையைக் கிள்ளிக்கொண்டே இருப்பேன்.

பக்கத்து டேபிள் அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். எட்டு மணிக்கு வேலை தொடங்கும்போது மேல் வரிசையில் இடதுகோடிப் புள்ளி மட்டும் எரியும். பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்கு அதனுடன் அடுத்ததும் எரியும். "தராசுல எடக்கல்லு வெக்கிற மாதிரிதாண்டி இது. மொதக் கல்லு எட்டு, பக்கத்துல கீறது நாலு" என்றாள். அவள் புருஷன் ராயபுரத்தில் மீன் விற்றவர். பிறகு என்ன, டேபிளில் ஆறு எறாலை வரிசையாக வைத்து நிமிடப் புள்ளிகளையும் பிடித்தோம். வலதுகோடியில் ஒன்று, அப்புறம் இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. உரிக்காத எறால் எரிகிற புள்ளி, உரித்தது அணைந்த புள்ளி. பத்து நாளில் தூரத்திலிருந்தே படிக்கப் பழகிவிட்டோம்.

பேட்டரி மாற்றி வந்த ஒரு காலையில் அந்த வாட்ச் மூன்று மணி காட்டியது. "சார், உங்க வாட்ச்ல மணி மூணு" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் செத்துப்போனது. சாப்பாட்டு நேரத்தில் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் கூப்பிட்டார். ஏச்சு வாங்கப்போகிறேன் என்று போனால், மனிதர் வாட்சைக் கழற்றி நீட்டினார். "எனக்கு இத பாக்கவே தெரியாதும்மா. ரெண்டு வர்சமா சும்மாதான் அழுத்திகினு கீறேன். மேல ஆபீஸ்ல வுடுன்னா உங்கள வுடுவேன், அவ்ளோதான். நீ சரி பண்ணிக் குடு, அப்டியே சொல்லியும் குடு." வாட்ச்மேனின் செல்லைப் பார்த்து வந்து, கீழ்ப் பொத்தானைப் புள்ளி சிமிட்டும்வரை பிடித்து, ஒவ்வொரு அழுத்தாக ஏற்றிப் பன்னிரண்டு இருபதில் நிறுத்தினேன். எட்டும் நாலும் மேலே, பதினாறும் நாலும் கீழே. சின்னப் பிள்ளை மாதிரி விரல்விட்டுக் கூட்டினார். அத்தனை நாள் திட்டியதெல்லாம் நெஞ்சில் குத்தியது. அவரும் எங்களோடு உள்ளேதான் கிடந்திருக்கிறார்.

மணி தெரிந்தால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது வேறு. முன்பு "இன்னும் ஆகியிருக்காது" என்று மனதை ஏமாற்றவாவது முடிந்தது. இப்போது அவர் அழுத்தும்போதெல்லாம் நாலு நாற்பது, நாலு நாற்பத்தைந்து என்று கண்ணுக்கு முன்னால் எரிந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை.

ஒருநாள் கன்டெய்னர் தாமதமாக வந்தது. லோடு முடியாமல் யாரும் போகக்கூடாது என்று மேலேயிருந்து உத்தரவு. மேலே நாலின் புள்ளி, கீழே முப்பத்திரண்டு, பதினாறு, இரண்டு. நாலு ஐம்பது. நான் கையைக் கழுவிவிட்டுக் கதவருகே போய் நின்றேன். வேலை போனால் போகட்டும் என்ற துணிச்சலெல்லாம் இல்லை. வாட்ச்மேன், "மேனேஜர் யாரையும் வுடக்கூடாதுன்னு சொல்லிக்கிறாரும்மா" என்றார். சூப்பர்வைசர் வந்தார். என்னைப் பார்க்காமல், பொத்தானை அழுத்தி, உதடு அசையக் கூட்டினார். "ஷிப்ட் நாலரைக்கே முடிஞ்சிச்சி. உள்ள என் வாட்ச் டைம்தான்யா. கதவத் தொற."

ஓடினேன். ஆயா பூட்டைக் கையில் வைத்திருந்தார், பிள்ளை கேட்டுக்கு உள்ளே இருந்தாள்.

அடுத்த வாரம் வேறொரு சூப்பர்வைசர் வந்தார், வெறுங்கையோடு. வாட்ச்மேன் செல்போன் பெட்டிக்கு அடியிலிருந்து வாட்சை எடுத்து, "உன்னாண்ட குடுக்கச் சொன்னாரு" என்றார். அந்த மனிதர் எங்கே போனார் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை நன்றி சொல்ல முடியாமல் போனது இன்றும் என்னை அறுக்கிறது.

நான் அதே ஹாலில்தான் இருக்கிறேன். வாட்சை உள்ளே கொண்டுபோக முடியாது என்பதால் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். காலையில் அவள் கையில் ஏழு இருபதைப் பார்த்துவிட்டுப் போவதோடு என் மணி நின்றுவிடும். புதிதாக வந்திருக்கும் பெண் ஒருத்திக்கு வீட்டில் கைக்குழந்தை. மத்தியானத்துக்குமேல், "அக்கா, மணி இன்னா இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஈரக் கையைத் திருப்பி வெறும் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு நான் சொல்வேன், "இன்னும் ஆவல."