காத்தடிச்ச சில்லு

மூதூருக்கு அங்கால, இரண்டு சென்றிக் காவலுக்கு நடுவில அரை மைல் தூரம் மணல் பாதை கிடந்தது. இந்தப் பக்கம் அரசாங்கம், அந்தப் பக்கம் மற்ற ஆக்கள். நடுவில பஸ்ஸும் ஓடாது, சைக்கிளும் ஓடாது. ராசாவெண்டாலும் இறங்கி நடக்கத்தான் வேணும். அதுக்கும் பாஸ் வேணும். நடக்க ஏலாத ஆள் என்ன செய்யிறது எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லை.

என்ர அக்கா அந்தப் பக்கம். ஷெல் விழுந்ததில அத்தான் செத்துப்போனார். அவவுக்கு இடுப்புக்குக் கீழ உணர்வில்லை. ஒரே மகள் லோஞ்சில கடல் தாண்டி வாற ரவுணில, ஓர்ஸ் ஹில்லில எங்கட வீட்டில நிண்டு படிச்சவள். அவளுக்குக் கலியாணம் சரிவந்தபோது, "அம்மா உயிரோட இருக்கேக்க அம்மா இல்லாமல் தாலி கட்டிறதோ மாமா?" எண்டு அழுதாள்.

"அழாத பிள்ளை. கொம்மாவைக் கொண்டுவந்து முன்னுக்கு இருத்திறது என்ர பொறுப்பு" எண்டன். வாய் எனக்கு எப்பவும் பெரிசு.

நடுப்பாதைக்கு அக்காவுக்குப் பாஸ் கிடைச்சது, எனக்குத் தரேல்லை; நானே போய்த் தூக்கிவர ஏலாது. அதால அலைஞ்சு திரிஞ்சு பழைய சில்லுக் கதிரை, வீல்செயர் ஒண்டு எடுத்தன். காத்தே தேவையில்லாத கட்டி றப்பர் போட்ட அகலச் சில்லு. அதை அப்பிடியே அனுப்பியிருக்கலாம். எனக்குத்தான் மூளை கொஞ்சம் கூடவெல்லோ! மணலில காத்தடிச்ச சில்லு சுகமாய் ஓடும் எண்டு நினைச்சு, ரவுணில ஒரு சைக்கிள் கடையில குடுத்து, சின்னச் சைக்கிள் றிம்மும் ரயரும் ரியூப்பும் போடுவிச்சன்.

பற்றரி, சீமெந்து, உரம், ரயர், ரியூப் அந்தப் பக்கம் போகாது, அரசாங்கத் தடை. நான் வேலை செய்யிற கந்தோரில கேக்கிறவைக்கு அந்தத் தடை லிஸ்ற்றை ஒப்புவிக்கிறதே நான்தான். ஆனா என்ர கண்ணுக்குக் கதிரைதான் தெரிஞ்சது, ரயர் தெரியேல்லை.

எங்கட பக்கச் சென்றியில நிண்ட ஆமிப் பொடியன் மரியாதையாய்த்தான் சொன்னான். "கதிரை போகலாம் ஐயா. ரயர் ஏலாது." கெஞ்சிப் பாத்தன். அவன் லிஸ்ற்றைக் காட்டினான். நானே என்ர கையால கழட்டினன். பாஸ் வைச்சிருந்த மூதூர் மரக்கறி வியாபாரி ஒருத்தர், "குடுங்க, நான் கொண்டு போறன்" எண்டு வெறும் றிம்மோட கதிரையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

திரும்பி சைக்கிள் கடைக்கு ஓடினன். கட்டி றப்பர் எங்க எண்டு கேட்டன். கடைக்காரர் அதை நறுக்கி, சைக்கிளுக்கு பிறேக் கட்டை செய்து வித்துப்போட்டார். தட்டுப்பாட்டுக் காலம், அவரைக் குறை சொல்ல ஏலாது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிஞ்ச கதைதான்.

கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம் ஜெற்றியில நிண்டனான். மூதூர் லோஞ்ச் வந்தது. எல்லாரும் இறங்கிச்சினம். கடைசியாய் அந்த வியாபாரி இறங்கி என்னைக் கண்டு நிண்டார்.

"அயலாக்கள் ட்ரக்டரில கொண்டுவந்து பாதை முகப்பில விட்டாங்க. பாஸ் இல்லாததால அவங்களால உள்ள வர ஏலேல்லை. நானும் இன்னொரு மனிசியும் தள்ளினம். றிம் மணலுக்குள்ள இறங்கிட்டு. எடுத்து வைக்க வைக்க இறங்குது. கேற் பூட்டுற நேரமாயிட்டு. அவவே 'நீங்க போங்க, லோஞ்சை விட்டிராதீங்க' எண்டு சொல்ல, திரும்ப முகப்பில அயலாக்களிட்ட விட்டிட்டு வந்தம்."

புதுச் சீலை உடுத்தித்தான் வந்தவவாம். அதை ஏன்தான் எனக்குச் சொன்னாரோ தெரியாது. அடுத்த நாள் தாலி கட்டேக்க மருமகள் வாசலைத்தான் பாத்துக்கொண்டிருந்தாள்.

பாதை திறந்த பிறகு அக்கா எங்கட வீட்டுக்கு வந்தா. மகளும் புருஷனும் அப்ப கனடாவில. கலியாணப் பட அல்பத்தை மடியில வைச்சு ஒவ்வொரு படமாய்ப் பாத்தா.

"சென்றியில நிண்ட அந்தக் கண்கெட்டவன் மட்டும் ரயரைக் கழட்டாட்டி என்ர பிள்ளையின்ர தாலியைக் கண்டிருப்பன். அவன் நல்லாயிருக்க மாட்டான்."

கட்டி றப்பர் சில்லின்ர கதையை நான் அவவுக்குச் சொன்னதேயில்லை. அண்டைக்குச் சொல்ல வாய் திறந்தனான்.

"நீ பாவம் தம்பி" எண்டு அவ என்ர கையைப் பிடிச்சா. "ஏலுமானதெல்லாம் செய்தனீ."

நான் ஓம் எண்டன்.