பெரிய நாட்டுக்குக் கால்

எனக்கு எழுபத்துமூன்று வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. செத்துப்போன நாத்தனாரின் பிள்ளைகள் இரண்டும் என் கைச் சோறு தின்றுதான் ஆளானார்கள். அவர்கள் சிலேட்டில் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்ட எழுத்து இது. கோணலாக இருக்கும், பொய் இருக்காது.

பேத்திக்குத் திருப்பதியில் வேலை. கம்ப்யூட்டரில் ஆடுகிற விளையாட்டைச் செய்யும் வேலை. அந்தக் காலத்து ராஜாக்கள், கோட்டை, குதிரை, கப்பல் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆளுக்கொரு நாட்டை எடுத்துக்கொண்டு சண்டை போட வேண்டும். அந்த நாடுகளை நிறுத்துப் பார்ப்பதுதான் இவள் பொறுப்பு. பெரியது சின்னதை எடுத்த எடுப்பில் விழுங்கிவிடக் கூடாது. சின்னதுக்கும் பிழைக்க ஒரு வழி வேண்டும். ஆனால் சின்னது சின்னதாகவும் தெரிய வேண்டும். இதற்கு மாதச் சம்பளம் தருகிறார்கள், நம்புங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ரேணிகுண்டா வீட்டுக்கு வந்தவள், மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு புலம்பினாள். சின்ன நாட்டுக்குத் தங்கத்தைக் கூட்டிக் கொடுத்தாளாம், அது பெரிய நாடாகவே ஆகிவிட்டதாம். கோட்டையை உயர்த்தினாளாம், உள்ளே போவாரும் இல்லை வெளியே வருவாரும் இல்லையாம். கடைசியில் வேறு ஒன்று செய்திருக்கிறாள். நாடு பெருக்கப் பெருக்க, ராஜாவின் உத்தரவு எல்லைக்குப் போய்ச் சேர நாள் கூடும். பெரியவன் மெதுவாகத்தான் வளர முடியும்.

"இது என்னுது," என்றேன்.

"இன்னாது ஆயா?"

"இந்தச் சட்டம். உங்கம்மா பொறக்கறதுக்கு முன்னாலயே நான் போட்டது."

சிரித்தாள். சிரித்ததால்தான் எழுதுகிறேன்.

புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்களுக்கு நிலம் கிடையாது. அம்மாவும் நைனாவும் பெரிய வீட்டு மாந்தோப்பில் கூலி. எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். கோடை வந்தால் அந்த வீட்டுக் களத்தில் பிள்ளைகள் 'ராஜ்யம்' ஆடுவார்கள். தரையில் பெரிதாக ஒரு சதுரம் கிழித்து, ஆளுக்கொரு நாடாகப் பங்கு போடுவார்கள். கோடு கிழிப்பது பெரிய வீட்டுப் பையன். கோடு கிழிப்பவனுக்குப் பாதிச் சதுரம் போவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு மூலை, முறம் அளவு. குனிந்தால் அடுத்த நாட்டில்தான் விழுவேன்.

தன் நாட்டில் நின்று அடுத்தவன் நாட்டுக்குள் ஓட்டுச்சில்லைப் போட வேண்டும். கோட்டில் படாமல் விழுந்தால், எல்லையிலிருந்து ஒரு சாண் வெட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். நீள எல்லை உள்ளவன் யாரிடம் வேண்டுமானாலும் கிட்டப் போய் நின்று போடலாம். முறத்துக்குள் நிற்பவள் என்ன செய்வாள்? மூன்று முறை நாடு அழிந்தால் அந்தக் கோடை முழுக்கக் களத்துப் பக்கமே வரக் கூடாது. என் நாடு இரண்டு முறை அழிந்துவிட்டது. இன்னொன்று போனால், அம்மா வேலை முடிக்கிற வரைக்கும் தோப்பு ஓரம் ஈ ஓட்டிக்கொண்டு தனியாக உட்கார வேண்டியதுதான்.

அன்றைக்கு அவன் கோடு கிழிக்கும் முன்பே சொன்னேன்.

"பெரிய நாட்டுக்குக் கால், சின்ன நாட்டுக்கு சாண். அப்டின்னாதான் ஆடுவேன்."

நான் சொன்னது கால் சாண். எங்கள் வீட்டில் அரிசி கால் படி, எண்ணெய் கால் சேர். கால் என்றால் எனக்கு அதுதான். பையனுக்கு வீட்டில் தெலுங்கு. அவன் தெலுங்கில் காலு என்றால் நடக்கிற கால். நாம் கால் பங்கு என்பதை அவர்கள் பாவு என்பார்கள். தன் காலைக் குனிந்து பார்த்தான், விரித்த கையைப் பார்த்தான், முகம் மலர்ந்துவிட்டது.

"சரே! பெத்த ராஜ்யானிக்கி காலு!" என்று தொடையைத் தட்டினான்.

அவன் எதை நினைத்துக்கொண்டான் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். திருத்தவில்லை. அதில் இன்றுவரை எனக்கு வெட்கமும் இல்லை. பேச்சு மாறக் கூடாது என்று எல்லோரையும் மூன்று முறை கோவிந்தா போட வைத்ததும் அவனேதான். ரோட்டில் திருப்பதி மலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவர்கள், தங்களுக்குத்தான் என்று பதில் கோவிந்தா போட்டுவிட்டுப் போனார்கள்.

முதல் சில்லு அவனுடையது. என் நாட்டின் நட்ட நடுவில் விழுந்தது. எல்லையில் உட்கார்ந்து, இடுப்பைக் கோட்டோடு சேர்த்து, காலை நீட்டினான். என் நாடு அவன் முழங்காலோடு முடிந்துபோனது.

"எடுடா காலை," என்றேன். பெரிய வீட்டுப் பிள்ளையை நான் டா போட்டது அதுதான் முதல் தடவை. "கால்னா நாலுல ஒண்ணு. உன் சாணை நாலா மடி, அதுல ஒண்ணு எடுத்துக்கோ."

காலு என்றுதானே சொன்னாய் என்று அவன் தெலுங்கில் கத்த, நான் தமிழில் கத்த, பெரிய வீட்டிலிருந்து அவன் அக்கா வந்தாள். நகரியில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தவள். இரண்டு பாஷையும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வயிற்றில் கை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் விசாரித்தாள்.

"மொதல்ல சொன்னது யாரு?"

"நானும்மா."

"எந்த பாஷையில சொன்ன?"

"எனக்கு ஒரு பாஷைதாம்மா தெரியும்." இது மட்டும் பொய்.

சொன்னவள் பாஷையில் என்ன அர்த்தமோ அதுதான் சட்டம் என்று தம்பியிடம் தீர்த்துச் சொன்னாள். கோவிந்தா போட்டவன் மறுபேச்சுப் பேச முடியுமா?

அப்புறம் ஆடினேன் பாருங்கள். அவன் ஒரு சில்லு போட்டால் இரண்டு விரல் அகலம். நான் போட்டால் முழுச் சாண். ராத்திரி அழிந்த கோட்டைக் காலையில் திரும்பக் கிழித்துக்கொண்டு, நாள் கணக்கில் அதே ஆட்டம். ஐந்தாம் நாள் பாதிச் சதுரம் என்னுடையது. கையை வீசிக்கொண்டு என் நாட்டுக்குள் நடந்தேன், குறுக்கே நாலு எட்டு வந்தது! மாங்காய்க் கூடையைத் தலையில் வைத்துப் போன அம்மா, கூடையை இறக்காமலே நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அப்போதுதான் பையன் இரண்டு விரலை நீட்டிக் காட்டினான். "இப்புடு நுவ்வே பெத்த. நீக்கு காலு." இப்போது நீதான் பெரிய நாடு, உனக்குத்தான் கால் என்கிறான்.

நான் யோசித்தேன். எல்லையில் போய் உட்கார்ந்தேன். பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு காலை நீட்டினேன். "காலு அண்ட்டே காலே!" என்றேன், சுத்தமான தெலுங்கில். காலு என்றால் நடக்கிற கால்தானே!

அந்த அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பையனுக்குப் புரை ஏறியது. எல்லோரும் சிரித்தார்கள், நான் ஒருத்தி தவிர. என் கால் குட்டையாக இருக்கிறதென்று சிரிக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

கடைசியில் எனக்கும் இரண்டு விரல்தான் என்று ஆனது. ராஜ்யமே பறிபோன மாதிரி இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. எனக்குக் கால் ஆனதும் அவன் ஏறினான், அவன் ஏறியதும் அவனுக்குக் கால் ஆகி நான் ஏறினேன். அதற்கப்புறம் அந்தக் கோடை முழுக்க ஒருவர் நாடும் அழியவில்லை. மாங்காய் தீர்ந்து மழை வந்து கோடுகளைக் கரைக்கும்வரை, களத்தை விட்டு ஒரு பிள்ளையும் போகவில்லை. நானோ தோற்றுவிட்டதாகவே அழுதுகொண்டிருந்தேன். நான் ஜெயித்தது அதுதான் என்று சொன்னால் அன்றைக்கு எனக்கு விளங்கியிருக்காது.

இந்தாடி, வந்து படிச்சுக் காட்டு. அந்த எடம் வர்றப்ப நீ சிரிக்கிறியா பார்க்கணும்.