கன்டக்டர் ஜெயித்த மூன்று நாள்

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பல்கூடத் தேய்க்காமல், போனை டீ டம்ளர் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாதா மாதம் வருகிற பெரிய மல்யுத்த நிகழ்ச்சி. கடைசி ஆட்டம். நடுவர் தரையில் விழுந்து ஒன்று, இரண்டு என்று தட்டி, மூன்றாவதற்குக் கையை ஓங்கினார்; மூன்று தட்டினால் ஆட்டம் முடிந்தது. படம் அப்படியே நின்றுவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அது சுற்றி முடிவதற்குள் அதே போனின் தலைப்பக்கம் ஒரு செய்தி வந்து விழுந்தது: இன்னார் ஜெயித்தார். பக்கத்தில் பட்டாசுப் படம் வேறு. ஓங்கின கையைக் கீழே இறக்க வக்கில்லாத போனுக்கு முடிவைச் சொல்ல மட்டும் எவ்வளவு அவசரம் பாருங்கள்.

"தலை நரைச்சிப்போச்சி, இன்னும் ஜட்டி போட்டவன் சண்டையப் பாத்துட்டு மூஞ்சத் தொங்கப் போட்டுகினு உக்காந்துகினு இருக்க" என்றாள் என் மனைவி. இந்த விஷயத்தில் என் தரப்பில் வாதாட எதுவும் கிடையாது.

ஆனால் அபிப்பிராயங்கள் உண்டு. யாரும் கேட்டதில்லை, அதனால் உங்களிடம் சொல்கிறேன். இதை நடத்துகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஊரில் இந்தப் பெரிய நிகழ்ச்சிக்கு ஒவ்வொரு தடவையும் தனியாகக் காசு கட்டினால்தான் வீட்டில் படம் தெரியுமாம். அப்படிக் காசு வாங்கிக்கொண்டு என்ன காட்டுகிறார்கள்? ஒவ்வொரு மாதமும் "சரித்திரத்தில் முதல்முறை" என்கிறார்கள். போன மாதமும் அதே சரித்திரம்தான். தொட்டால் மயங்கி விழுகிற ஆளாகத் தேடிப் பிடித்து நடுவராகப் போடுகிறார்கள். முக்கியமான நேரத்தில் அவர் குப்புறக் கிடப்பார். அரங்கத்தில் இருபதாயிரம் பேர் பார்க்கிற அயோக்கியத்தனம் அவர் ஒருவர் கண்ணுக்கு மட்டும் தெரியாது. மேஜை என்று ஒன்று கொண்டுவந்தால் அது உடைவதற்குத்தான். அதன் மேல் யாரும் ஒரு டீ வைத்துக் குடித்ததில்லை. கண்ணீர் விட்டு, பூட்ஸைக் கழற்றி மேடை நடுவில் வைத்துவிட்டு ஓய்வுபெற்ற கிழவர், ஆறு மாதம் கழித்து வேறு பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவார். வந்தவர் சண்டை போட்டாலாவது பரவாயில்லை. மைக்கை வாங்கிப் பேச ஆரம்பிப்பார். அந்தப் பேச்சுதான் ஒரு காலத்தில் என் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது.

எல்லாம் பொய் என்று தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. தெரியும். புடவைக் கடை வாசலில் நிற்கிற பொம்மைக்கு உயிரில்லை என்றும் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத்தானே கடைக்குள் போகிறோம்.

போனில் அந்த வட்டம் சுற்றியபோது என் மூக்கில் வந்தது சூடான மெஷின் வாசனை. புனேயில் விஷ்ராந்த்வாடி ஏரியாவில், ஆலந்தி ரோட்டை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தகர அறை. அதுதான் எங்கள் கேபிள் டிவியின் கன்ட்ரோல் ரூம். உள்ளே அடுக்கடுக்காக மெஷின்கள், கரப்பான் பூச்சி மருந்து, லைன்மேன் தேவா அண்ணா மெல்லுகிற புகையிலை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒன்பதாவதில் கணக்குப் பரீட்சைக்குப் பயந்து வயிற்றுவலி என்று படுத்தவன், பரீட்சை முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அதோடு படிப்பு போயிற்று. அப்பா கட்கியில் ராணுவப் பணிமனையில் இருந்தார். "இந்த வேலையும் போச்சினா ஆரணிக்கு ரயிலேத்தி வுட்டுடுவேன். மாமன் சூளையில போயி செங்கல் அறு" என்று சொல்லித்தான் அனுப்பினார். அவர் சொன்னால் செய்பவர்.

முதலாளியை எல்லோரும் பாவு என்போம், மராத்தியில் அண்ணன். என்னை அவர் "காய் ரே அண்ணா", அதாவது என்னடா அண்ணா, என்றுதான் கூப்பிடுவார். புனேயில் தமிழன் என்றால் தொட்டிலில் கிடந்தாலும் அண்ணாதான். ஏற்கெனவே இரண்டு தப்பு செய்திருந்தேன். ஒன்று, டிஷ்ஷைச் சரியாக மூடாமல் விட்டு, மழையில் அரை நாள் லைன் போனது. இன்னொன்று, எங்கள் லோக்கல் சேனலில் நினைவஞ்சலிக்கு வந்த ஒரு பெரியவர் படத்துக்குக் கீழே "பல்லாண்டு வாழ்க, இனிய பிறந்தநாள்" என்று போட்டுவிட்டேன். அவர் மகன்கள் நான்கு பேரும் மாடியேறி வந்தார்கள். "இன்னொரு தப்பு வந்தால் வீட்டுக்குப் போய்விடு" என்றார் பாவு. அதிலிருந்து எதையும் மூன்று முறை சரிபார்ப்பேன். மூன்றாவது முறை சரியாகப் பார்த்தேனா என்று நான்காவது முறையும் பார்ப்பேன்.

அந்தப் பெரிய நிகழ்ச்சி அப்போதெல்லாம் இந்தியாவில் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு ஆரம்பமாகும். எங்கள் லைனில் அது நேரடியாகப் போகாது. போகிற சேனல்கள் கொஞ்சம். அதில் ஒரே இடத்தில் காலை ஒன்பது வரை பக்திச் சேனல், ஒன்பதுக்கு மேல் விளையாட்டுச் சேனல். பாவுவின் அம்மா காலையில் அபங்கம் என்கிற மராத்தி பக்திப் பாட்டு கேட்பார். அதில் யாரும் கைவைக்க முடியாது. அதனால் விடியற்காலையில் நான் மட்டும் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து நிகழ்ச்சியை வீடியோ கேசட்டில் பதிவு செய்ய வேண்டும். மாலை ஏழு மணிக்கு அதை லோக்கல் சேனலில் போடுவோம். திருட்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. இதற்காகவே பக்கத்து ஏரியா கேபிளை விட்டு எங்களிடம் வந்த வீடுகள் உண்டு.

ஆக, அன்று பகல் முழுவதும் விஷ்ராந்த்வாடியில் முடிவு தெரிந்த ஒரே ஆள் நான். இந்த ஒரு நாளில் எனக்குக் கிடைத்த மரியாதை பன்னிரண்டாவது பாஸ் ஆனவனுக்குக்கூடக் கிடைத்திருக்காது. யாரும் என்னிடம் முடிவைக் கேட்க மாட்டார்கள். கேட்காமலே தெரிந்துவிடுமோ என்று பயப்படுவார்கள். கீழே டீக்கடை வைத்திருந்த பாண்டு, "அந்தப் பக்கம் திரும்பி நின்னு குடி. உன் மூஞ்சியில எழுதியிருக்கும்" என்று ஹிந்தியில் சொல்லித்தான் கிளாஸை நீட்டுவார்.

மல்யுத்தக்காரர்களின் இங்கிலீஷ் பெயர் எங்கள் வாயில் நுழையாது. நாங்களே பெயர் வைத்திருந்தோம். சாம்பியன் பெயர் சிமெண்ட். அடித்தாலும் அடிபட்டாலும் முகம் அப்படியே இறுகிக் கிடக்கும். அவனோடு மோதுகிறவன் கன்டக்டர். ஒரு கையால் கயிற்றைப் பிடித்து, ஓடுகிற பஸ்ஸில் தொங்குவது போல வெளியே தொங்குவான். நல்லவன். அதனாலேயே இரண்டு வருஷமாக ஒவ்வொரு பெரிய நிகழ்ச்சியிலும் தோற்றுக்கொண்டிருந்தான்.

ஆடி மாத மழை. அப்படியொரு திங்கட்கிழமை, நிகழ்ச்சியின் ஆரம்பத்திலேயே இரண்டு ஓய்வுபெற்ற கிழவர்கள் வந்து மைக்கை மாற்றி மாற்றிப் பிடித்து, இருபது நிமிஷம் ஒருவரை ஒருவர் புகழ்ந்துகொண்டார்கள். கேசட் மூன்று மணி நேரம்தான். நான் அதை யோசிக்கவில்லை. என் கவலை முழுக்க வெளியே டிஷ் மேல் இருந்தது. அதன் நடுமூக்கில் மழைத் தண்ணீர் இறங்காமல் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்துக் கட்டியிருந்தோம். அது இருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். இருந்தது. கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று இன்னொரு முறை போனேன். இருந்தது. கடைசி ஆட்டத்தில் சிமெண்டும் கன்டக்டரும் ஆளுக்கொரு பக்கம் மல்லாந்து கிடந்தபோது, காற்று பலமாக அடிக்கிறதே என்று மூன்றாவது முறை போனேன். கட்டு லேசாக நெகிழ்ந்திருந்தது. அவிழ்த்து, துடைத்து, திரும்பக் கட்டிவிட்டு வந்தால் வீடியோ மெஷின் கீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. கேசட் தீர்ந்து, தானாகப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது. டிவியில் மோட்டார் ஆயில் விளம்பரம்.

எட்டே முக்காலுக்கு தேவா அண்ணா வந்தார்.

"ணா, கேசட்டு தீந்துபோச்சு."

"வேற போடு."

"ஆட்டமும் தீந்துபோச்சு ணா."

"சரி. எவன் ஜெயிச்சான்?"

"தெரியாது."

அவர் கையில் புகையிலை கசக்குவதை நிறுத்தினார். "ஊருக்கெல்லாம் சொல்லாம வெச்சிகினு இருக்கற ஒரே ஆளு நீ. ஒனக்கே தெரியாதா?"

"பாவுகிட்ட சொல்லிடாத ணா."

"நான் ஏன் சொல்றேன். ஏழு மணிக்கு ஊரே சொல்லும்."

அந்தச் சேனலில் மறுஒளிபரப்பு கிடையாது; அந்த வாரம் முழுவதையும் கிரிக்கெட்டுக்கு நேர்ந்துவிட்டிருந்தார்கள். இன்டர்நெட் என்பது புனே கேம்ப் பக்கம் ஏதோ கடையில் இருப்பதாகக் கேள்வி. அதன் கதவைத் தள்ளவே இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பு வயிற்றுவலி திரும்பி வந்தது, இந்த முறை நிஜமாகவே. பகல் முழுவதும் ஆரணிச் செங்கல் சூளை கண்ணுக்குள் புகைந்தது. டீ குடிக்கப் போனபோது பாண்டு தவறிப்போய் என் முகத்தைப் பார்த்துவிட்டார். "ஐயோ, கன்டக்டர் தோத்துட்டானா" என்று அவர் முகமே தொங்கிவிட்டது.

யோசனை தேவா அண்ணாவுடையதுதான். லோக்கல் சேனலில் தண்ணீர் வராத நாள், காணாமல் போன பசுமாடு எல்லாவற்றையும் மைக்கில் சொல்கிறவன் நான். "தண்ணி வராதுன்னு நீ சொன்னா கொடத்தைக் கவுத்து வெச்சிடறாங்க. இதையும் சொல்லு, நம்புவாங்க" என்றார்.

அன்று இரவு கேசட் முடிகிற இடத்துக்கு ஒரு வினாடி முன்னால் மெஷினை நிறுத்திப் பிடித்தேன். இரண்டு பேரும் மல்லாந்து கிடக்கிற படம் நடுங்கிக்கொண்டு நின்றது. கோளாறு காரணமாகப் படம் வராது, மிச்சத்தைக் குரலில் கேளுங்கள் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. கன்டக்டரை எழுப்பினேன். கயிற்றில் தொங்கவிட்டேன். சிமெண்ட் நாற்காலியைத் தூக்கும்போது தேவா அண்ணா சாப்பாட்டுத் தட்டால் தன் முழங்காலிலேயே ஓங்கி அடித்துக்கொண்டு, மைக்குக்குப் பக்கத்தில் நிஜமாகவே கத்தினார். என் நடுவர் மட்டும் மயங்கி விழவில்லை. அவரைத் தெளிவாக நிற்க வைத்திருந்தேன். கடைசியில் சிமெண்டை மல்லாத்தி அவன் மேல் கன்டக்டரைப் படுக்க வைத்து, பதற்றத்தில் ஹிந்தி மறந்துபோய் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தமிழில் எண்ணிவிட்டேன்.

கீழே ரோட்டிலிருந்து விசில் சத்தம் மொட்டை மாடி வரை வந்தது. பாண்டு மாடியேறி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் கண் ஈரமாக இருந்தது. மறுநாள் டீக்கடையில் ஒட்டியிருந்த கன்டக்டர் படத்துக்கு ஒரு சாமந்திப் பூ ஏறியிருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் வாராந்தர நிகழ்ச்சி எங்கள் லைனிலேயே வரும். சாம்பியன் பெல்ட் யார் தோளில் இருக்கிறது என்று ஊரே பார்க்கும். அந்த மூன்று நாளும் கோயில் ஊரான ஆலந்தி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். பலிக்கவில்லை. சிமெண்ட் வந்தான், அதே முகம், தோளில் பெல்ட். ஐந்தே நிமிஷத்தில் கன்ட்ரோல் ரூம் போன் அடித்தது. எடுக்க எனக்குக் கை வரவில்லை. தேவா அண்ணா எடுத்து என் காதில் வைத்தார்.

பாண்டுதான். "பாத்தியா அந்தத் திருட்டுப் பயலை? கன்டக்டர் துணி மாத்தற ரூமில பெல்ட்டை வெச்சிட்டுக் குளிக்கப் போயிருப்பான். வெகுளி அவன்."

அடுத்தடுத்து வந்த போன்களில், இரண்டு நாளுக்கு முன்னால் நமக்குக் காட்டாத இடத்தில் இன்னொரு ஆட்டம் நடந்தது என்றார் ஒருவர். சிமெண்ட் அந்தக் கம்பெனி முதலாளியைக் கையில் போட்டுக்கொண்டான் என்றார் இன்னொருவர். இங்கிலீஷ் வர்ணனை யாருக்கும் புரியாதது நல்லதாகப் போயிற்று. என்னைச் சந்தேகப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. காட்டாத இடத்தில் எதுவும் நடக்கும் என்று அந்தக் கம்பெனி வருஷக்கணக்காக ஊட்டி வளர்த்த ஜனங்கள். என் பொய்யில் இருந்த ஓட்டையை அவர்களே சிமெண்ட் போட்டு அடைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை பாவு கூப்பிட்டார். "காய் ரே அண்ணா, உட்கார்." அவர் மைத்துனர் ஊரின் இன்னொரு பக்கம் ஔந்தில் இருந்தார், வேறு கேபிள், நேரடியாகவே பார்த்திருந்தார். "திங்கட்கிழமை சிமெண்ட் பின்னாலிருந்து அடித்து ஜெயித்தானாமே."

நான் மனதுக்குள் ரயில் ஏறிவிட்டேன்.

"அடுத்த மாதமும் கேசட் தீர்ந்து போகட்டும்" என்றார் பாவு. "ஜனங்களுக்கு உன் ஆட்டம்தான் பிடித்திருக்கிறது."

"வேண்டாம் பாவு. எனக்கு பயமா இருக்கு."

"மடையா. அந்தக் கம்பெனிக்காரன் பயப்படுகிறானா?"

நியாயமான கேள்வி. ஆனாலும் அடுத்த மாதம் இரண்டு கேசட் வைத்துக்கொண்டு, நகராமல் உட்கார்ந்து முழுவதையும் பதிவு செய்தேன். கன்டக்டர் வழக்கம் போலத் தோற்றான். பாண்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் அவன் ஜெயிக்கவே இல்லை. யாரும் கவனிக்காத ஒரு வாரத்தில் காணாமல் போனான். அவனுக்கு யாரும் மைக் கொடுத்து அழ வைக்கவில்லை.

பிறகு வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வந்தது. ஒரு வேனில் ஆட்கள் வந்து இரண்டே நாளில் ஏரியா முழுக்க மாட்டிவிட்டுப் போனார்கள். முடிவைத் தெரிந்து வைத்துக்கொண்டு பகல் முழுவதும் காத்திருக்க நடுவில் ஓர் ஆள் தேவைப்படவில்லை. பாவு தகர அறையைப் பூட்டினார், தேவா அண்ணா ஊருக்குப் போனார், நான் அடுக்குமாடி சொசைட்டிகளில் கேமரா மாட்டப் போனேன். வேலை போய்விடும், போய்விடும் என்று அத்தனை வருஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன்; போன அன்று என் பேரில் ஒரு தப்பும் இல்லை. அப்படியும் ஒரு நாள் வரும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். பாவு கேட்டபடி துணிந்து, இன்னும் நாலு மாதமாவது கன்டக்டரை ஜெயிக்க வைத்திருப்பேன்.