பதினேழு வருஷத்து ஏரோது

எங்கள் ஊர்க் கோயிலில் கிறிஸ்துமஸ் நாடகம் என்றால், பச்சைக் குழந்தைகளைக் கொல்லச் சொல்கிற ஏரோது ராஜா நான்தான். பதினேழு வருஷமாக வேறு யாரும் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. குழந்தை இயேசுவைப் பார்க்க வருகிறவர்களைவிட என் சிரிப்பைக் கேட்க வருகிறவர்கள்தான் அதிகம் என்று நானே நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அந்த வருஷம் டிசம்பர் தொடக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் சேவகன் வந்து பக்கத்தில் நின்றான். சேவகன் என்பது நாடகத்தில். மற்ற நாளெல்லாம் சின்ன வயசிலிருந்து என்னோடு திரிந்த சிநேகிதன். நான் "கொல்லுங்கள்" என்று கை நீட்டினால், ஓடிப்போய் ஒரு தாயின் மடியிலிருந்து பொம்மைக் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு வருவது அவன் வேலை.

"டேய், இந்த வருசம் ஏரோது நான் பண்றன்டா. நீ சேவகனா இரு. ஒரே ஒரு வாட்டி."

"இன்னாடா, ராஜா நாற்காலி மேல கண்ணா?"

"அதெல்லாம் இல்ல. மாத்திக்கலாம், அவ்ளோதான்."

"ஒக்காந்துட்டா அப்பறம் எறங்க மாட்ட. எனக்குத் தெரியாதா?"

அவன் தலையைக் குனித்துக்கொண்டான். காரணம் கேட்டிருக்கலாம். நாற்காலி போய்விடும் என்ற நினைப்பில் நடையைக் கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அட்டைக் கிரீடத்தை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். கரும்புத் தோட்டத்துக்குள் போய்ச் சிரித்துப் பழகினேன். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர்காரர் வண்டியை நிறுத்தி, "யார்னா அடிபட்டுக் கெடக்கறாங்களா?" என்று விசாரித்தார். மீசைக்கு மை அடித்தேன். உதடும் சேர்ந்து கறுத்தது.

"ராஜா மாதிரி இல்ல, தார் டப்பாவுல வாய வெச்சவன் மாதிரி இருக்கற" என்றாள் என் மனைவி.

அவன் கேட்டது காதுக்கு எட்டி, அடுத்த ஞாயிறு பங்குச் சாமியார் எங்கள் இரண்டு பேரையும் வசனம் பேசிக் காட்டச் சொன்னார். நான் பேசினேன், சிரித்தேன், கைதட்டல் வாங்கினேன். அவனும் நன்றாகத்தான் தொடங்கினான். என்னைவிடக் கனமான குரல். ஆனால் "இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தை ஒன்றுகூட" என்ற இடத்தில் திக்கி நின்றுவிட்டான். மறுபடி தொடங்கினான். மறுபடியும் அதே இடம்.

நான் ஜெயித்துவிட்டேன். அது போதவில்லை. எழுந்து நின்று ஆட்டுக்குட்டி மாதிரி "ஒன்று... கூ... கூ..." என்று கத்திக் காட்டினேன். "ராஜாவுக்குத் தொண்டையில முள்ளு மாட்டிக்கினு இருக்குது, தண்ணி குடுங்க" என்றேன். கோயிலே சிரித்தது. சாமியார்கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

அவனுடைய ஒன்றரை வயதுப் பையன் ஆவணியில் காய்ச்சலில் போயிருந்தான். அதை எனக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. குழியில் மண் தள்ளியவர்களில் நானும் ஒருவன். எழுந்து கத்திய அந்த நிமிஷம் என் தலைக்குள் கிரீடம் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் மணலூர்பேட்டை கடைத்தெருவில் அவன் மனைவி எதிரே வந்தது. ஒளிந்துகொள்ள நல்ல மறைவாக எதுவும் அகப்படவில்லை.

"ராஜா வேசத்துக்கு அவரு ஆசப்படலண்ணா. பொம்மயப் புடுங்கற வேல இனிமே முடியாதுன்னாரு. நாடகத்த வுட்டுட்டு வூட்ல குந்தினு இருக்கவும் முடியல. அதான் ஒங்களாண்ட கேட்டாரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது பேசிச் சமாளித்திருப்பேன். அந்தப் பெண் விலை கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, தக்காளி வாங்கப் போய்விட்டது.

அன்று சாயங்காலமே கிரீடத்தை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"நீயே பண்ணுடா. நான் சேவகனா இருக்கறன்."

"வாணாம். எடுத்துக்கினு போ."

"தப்புதான்டா. பயந்துட்டன்."

"என்னப் பாத்தா?"

மாடு குடித்து முடித்தது. அவன் வாளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனான்.

அந்த வருஷமும் நான்தான் ஏரோது. அதற்குப் பிறகும் நான்தான். போட்டிக்கு யாரும் வருவதில்லை. அவன் நாடகம் பார்க்கவும் வருவதில்லை. பூசைக்கு மட்டும் வருகிறான். நடுவில் சாமியார் சமாதானம் பகிர்ந்துகொள்ளச் சொல்லும்போது, எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கும்பிடுவோம். அதற்காகவே நான் முன்னதாகப் போய் அவன் பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்கிறேன். அவனும் திரும்பி என்னைக் கும்பிடுகிறான், எல்லோரையும் கும்பிடுவது போலவே, என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு.