நான் பொறுக்கின பதினோரு துப்பாக்கி

எழுத்துன்னா எனக்கு என்னான்னே தெரியாது. பஸ்ஸுல போர்டு பாக்க மாட்டேன், கண்டக்டர் கத்துறதக் கேட்டுத்தான் ஏறுவேன். ஆனா டிவில வெளையாடுற இந்தத் துப்பாக்கி ஆட்டம் இருக்கே, அதுக்கு எழுத்தே வேணாம். ஒருத்தனச் சுட்டா அவன்கிட்ட இருந்து சாமான் செதறும். ஒவ்வொண்ணு மேலயும் ஒரு வெளிச்சம் குச்சியாட்டம் நிக்கும். வெள்ளைன்னா சொத்தை. பச்சை பரவாயில்ல. நீலம், கத்திரிப்பூக் கலரு, அதுக்கும் மேல ஆரஞ்சு. ஆரஞ்சு வந்துட்டா உக்காந்த எடத்துலயே கையத் தட்டுவேன். நாப்பது வருசம் மல்லிகைத் தோட்டத்துல மொட்டு எது விரிஞ்சது எதுன்னு பாத்துப் பறிச்ச கண்ணு இது.

ஆட்டம் எங்க வீட்டுக்கு வந்தது பேத்தியால. மகன் வயித்துப் பேத்தி. மகனும் மருமகளும் திருப்பூருல பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்க, இவ செம்பட்டில எங்கூட இருக்கா. திண்டுக்கல்லுல ரத்தம் டெஸ்ட் எடுக்குற எடத்துல வேலை. காலைல பஸ் ஏறுனா சாயந்தரம்தான் வருவா. வத்தலக்குண்டுல கட்டிக் குடுத்தோம். ரெண்டாம் மாசமே மாப்ள துபாய் போயிட்டாரு, இவ எங்கிட்டயே வந்துட்டா. போறப்ப இந்த ஆட்டப் பெட்டிய இவளுக்கு வாங்கிக் குடுத்துட்டு, அங்க போயி தனக்கும் ஒண்ணு வாங்கிக்கிட்டாரு. ஞாயித்துக்கெழம அவரு அங்கருந்து, இவ இங்கருந்து, ரெண்டு பேரும் ஒரே ஆட்டத்துக்குள்ள. காதுல மாட்டிக்கிட்டு ஒரே சிரிப்பு. நல்ல துப்பாக்கி எது கெடச்சாலும் இவ அவரு எடுத்துக்கட்டும்னு கீழ வைப்பா. "ஏடி, ஒனக்கு ஒண்ணு வச்சுக்கயேன்"னு நான் வைவேன். "அவருக்கு ஒழுங்காச் சுடத் தெரியாது அப்பத்தா, பாவம்"பா.

அவ வேலைக்குப் போன பெறகு பகல்ல நான் ஆடுவேன். ஆடுறது நானா இருந்தாலும் உள்ள போறது அவ பொம்மைதான், பச்சை முண்டாசு கட்டுன பொம்பளப் பொம்மை. என்னா ஆட்டம்ங்கிறீங்க! ஒரு துப்பாக்கி தீயக் கக்கும், இன்னொண்ணு சுட்டா ஆளு ஐஸாப் போவான். செம்பட்டிக் கரட்டுப் பக்கம் மாதிரியே பொட்டக்காடு. ஒரு கொறையும் உண்டு. பை பத்தாது. எம்புட்டுப் பெரிய பை வாங்குனாலும் நெறஞ்சிரும், பெறகு எத வைக்க எதத் தூக்கிப் போடன்னு செத்த நேரம் முழிக்கணும். அப்புறம், அம்புட்டுப் பேரு சாவுறான், ஒரு பொணத்தையாவது எடுத்துப் போட ஆளு உண்டா? அது எனக்குப் பிடிக்கல.

போன வருசம் பேத்திக்கு அஞ்சு மாசத்துல பிள்ளை கலஞ்சிருச்சு. ஆஸ்பத்திரில கெடந்தா. அவரு வரல. லீவு இல்லைன்னாரு. இவ போன்ல ஏதோ கேட்டா, அவரு ஏதோ சொன்னாரு, அதோட பேச்சு நின்னுபோச்சு. இவ போன் அடிச்சாலும் அவரு எடுக்கல. அவங்க வீட்டாளுக சீர் சாமானக் குட்டியானை வண்டில ஏத்தி அனுப்பிட்டாங்க. பித்தளை அண்டா, குத்துவிளக்கு, கிரைண்டர், பீரோ. எங்க பக்கத்துல அத்துவிடுறது அப்பிடித்தான். சாமான வாங்கி உள்ள வச்சிட்டா முடிஞ்சுது, பெறகு பேச்சு கெடையாது.

பேத்தி கேட்டத் தொறக்கல. வண்டியோட வந்தது மாப்ளையோட சித்தப்பா. "ஏம்மா, தெருவே பாக்குது, தொறம்மா"ன்னாரு.

"அவரு சொல்லட்டும் மாமா. அவரு கையால திருப்பித் தந்தா மறுபேச்சில்லாம வாங்கிக்கிறேன்."

"பீரோவக் கொண்டுபோயித் தோட்டத்துலயா நடப் போறேன், கெளம்புங்கய்யா"ன்னு நானும் கத்துனேன். வண்டி திரும்பிப் போயிருச்சு.

அதுக்கப்புறம் தெனம் வேலை விட்டு வந்ததும் டிவியப் போட்டு, அவரு பேருக்குப் பக்கத்துல வெளிச்சம் எரியுதான்னு பாப்பா. எரிஞ்சா அவரு ஆட்டத்துல இருக்காருன்னு அர்த்தம். எரியாது. அமத்திட்டுப் போயி மொகம் கழுவுவா.

ஒரு சனிக்கெழம நான் பெட்டியப் போட்டேன். எரியுது! மேல இருந்து மொத பேரு, தலைக்கவசம் படம் போட்டது, எனக்கு அடையாளம் தெரியும். பட்டன அமுக்குனேன், அவரு ஆட்டத்துக்குள்ள போயிட்டேன். ஒரு தகரக் கொட்டாய் ஓரமா நிக்கிறாரு. கும்புடுறதுக்கு அதுல பட்டன் இல்ல. ரெண்டு தடவ குதிச்சேன்.

அவரு அசையல. செத்த நேரம் கழிச்சு ஒரு துப்பாக்கியக் கீழ வச்சாரு. ஆரஞ்சு! ரோஸ் பெயிண்டு அடிச்சது, பேத்தி அவருக்குக் குடுத்தது. எடுத்துக்கிட்டேன். இன்னொண்ணு வச்சாரு. அதையும் எடுத்தேன். செவத்த ஒட்டி ஒண்ணொண்ணா வைக்கிறாரு, நான் பின்னாடியே பொறுக்குறேன். பையி நெறஞ்சுபோச்சு, எங்கிட்ட இருந்தத வீசிட்டு எடம் பண்ணுனேன். பதினொண்ணு. பெறகு தலையக் குனிஞ்சு தரையவே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்பிடியே மறஞ்சுட்டாரு. வெளிச்சமும் அணஞ்சிருச்சு.

எனக்குக் கால் தரையில நிக்கல. குழிப்பணியாரம் சுட்டு வச்சேன். அவ செருப்பக் கழட்டுறதுக்குள்ள சொல்லிட்டேன். "ஏத்தா, மாப்ள வந்தாரு! பையில இருந்த அம்புட்டையும் ஒனக்குக் குடுத்துட்டாரு!"

பேக்க எறக்கி வைக்காமயே உக்காந்து பாத்தா. ஒவ்வொண்ணா பாத்தா.

"இது பூராம் நான் அவருக்குக் குடுத்தது அப்பத்தா."

"அதான் ஆசையாத் திருப்பிக் குடுத்திருக்காரு."

"அவரு சொந்தமா எடுத்தது எதுவும் இதுல இல்ல. நான் குடுத்தது எதுவும் விட்டுப்போகல." என் பக்கம் திரும்புனா. "எல்லாத்தையும் எடுத்துட்டியா?"

அப்பத்தான் குட்டியானை கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. "கீழ வச்சாரு, எடுத்தேன். எடுத்தது நான்தானத்தா, நீ இல்லல்ல? எனக்கென்ன தெரியும், அது செல்லாது!"

"பொம்மை என்னுதுதான அப்பத்தா. அவருக்கு அது நான்தான்." பணியாரத்துல ஒண்ண எடுத்துப் பிச்சா, திங்கல. "கையால குடுத்தா வாங்கிக்கிறேன்னு சொன்னேன். குடுத்துட்டாரு."

போன் போட்டு நான் பேசுறேன், சித்தப்பாகிட்டச் சொல்றேன்னு எம்புட்டோ கெஞ்சுனேன். "விடு அப்பத்தா"ன்னுட்டா.

சித்தப்பாவுக்கு அவளே போன் பண்ணுனா. புதங்கெழம குட்டியானை வந்துச்சு. கேட்டோட ரெண்டு கதவையும் அவளே அகலத் தொறந்து விட்டா. டிரைவர் குத்துவிளக்க எங்கிட்ட நீட்டுனாரு, நான் கையப் பின்னாடி கட்டிக்கிட்டேன். எதையும் தொடல. அவளே ஒண்ணொண்ணா எறக்கி, வீட்டுக்குள்ள செவத்த ஒட்டி வரிசையா வச்சா.