காதுச் சொட்டு மருந்தும் எட்டாவது கட்டமும்

எங்கள் அறைச் சுவரில் நான் ஒட்டியிருந்த தாளில் பதினான்கு கட்டங்கள் இருந்தன. ஏழு நாள், காலை ஒன்று, மாலை ஒன்று. பதின்மூன்றில் பேனாவால் டிக் அடித்திருந்தது. எட்டாவது மட்டும் காலி. அந்தத் தாளை என் அறைத்தோழி ஓசூருக்குப் போகும்போது உரித்துக்கொண்டு போய்விட்டாள். செல்லோடேப் ஒட்டியிருந்த நான்கு மூலைகளிலும் சுவர் வெள்ளை பெயர்ந்திருக்கிறது. பல் தேய்க்கும்போது அந்த நான்கு மூலைகளைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் இரண்டு வருடம் சேர்ந்து இருந்தோம். நான் டிப்ளமோ மெக்கானிக்கல். தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்பு ஆலையில் தரப் பரிசோதனை. நாள் முழுக்க அளப்பதும் எழுதுவதும்தான் வேலை. அவள் கடம்பத்தூர்க்காரி, ஐடிஐ படித்தவள். வேறொரு ஆலையின் பிரஸ் ஷாப்பில் ஒப்பந்த வேலை. தகடு அடிபடும் ஒவ்வொரு முறையும் தரை அதிரும் இடம்.

அங்கே காதில் வைத்துக்கொள்ள மஞ்சள் நிற ஸ்பாஞ்ச் அடைப்பான் கொடுப்பார்கள். விரலால் உருட்டி உள்ளே விட்டால் விரிந்து அடைத்துக்கொள்ளும். ஒரு ஷிஃப்ட் முடிந்ததும் எறிந்துவிட வேண்டியது. ஆனால் புதிது வாங்க ஸ்டோரில் வரிசையில் நிற்க வேண்டும் என்பதால், அந்த ஷாப்பில் எல்லோரும் அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் அதைச் செருகி வைத்து வாரம் முழுக்க ஓட்டுவார்கள். எண்ணெய்க் கையால் எடுத்து, எண்ணெய்க் கையால் உருட்டி, காதுக்குள்.

அப்படித்தான் அவளுக்கு வலது காது வலிக்க ஆரம்பித்தது. அவள் அம்மா போனில் சொன்னார் என்று பூண்டு காய்ச்சிய எண்ணெயை ஊற்றிக்கொண்டாள். இரண்டாம் நாள் காதிலிருந்து நீர் வடிந்தது. தலையணை உறையில் மஞ்சள் வட்டம்.

வேறு நாளாக இருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டாள். ஓசூரில் ஒரு புதிய ஆலையில் அவளுக்கு நிரந்தர வேலை கிடைத்திருந்தது. அன்றிலிருந்து பத்தாம் நாள் மருத்துவப் பரிசோதனை. அதில் காது கேட்கும் பரிசோதனையும் உண்டு. தேறாவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும்.

டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தார். காதுச் சவ்வு கிழியவில்லை, உள்தோல்தான் வீங்கிப் புண்ணாகியிருக்கிறது என்றார். எண்ணெய்க்காக ஒரு திட்டு. ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். வலது காதில் மூன்று சொட்டு, ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஏழு நாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் தாளை எடுத்தேன். கைகளைச் சோப்பு போட்டுக் கழுவுவது. குளிர்ந்த மருந்து உள்ளே போனால் தலை சுற்றும் என்பதால் பாட்டிலை உள்ளங்கையில் பிடித்து வெதுவெதுப்பாக்குவது. காது மடலை மேலும் பின்னுமாக இழுப்பது. பாட்டிலின் முனை காதில் படாமல் விடுவது. ஐந்து நிமிடம் அப்படியே படுத்திருப்பது. குளிக்கும்போது தண்ணீர் போகாமல் பார்ப்பது. பட்ஸ் கூடாது. வலி நின்றாலும் ஏழு நாளும் போடுவது. இன்னும் இரண்டு சேர்த்து மொத்தம் பத்து. கீழே கட்டங்கள். ஆலையில் ரசாயன பாட்டிலைத் திறந்தால் தேதி எழுதுவோம். அந்தப் பழக்கத்தில் மருந்து பாட்டில் மேலும் மார்க்கரால் திறந்த தேதியை எழுதினேன்.

"இன்னாடி இது, காதுக்கு மருந்தா, கப்பலுக்குப் பெயின்ட்டா?" என்றாள். "லிஸ்ட்டு ராணி, மூச்சு வுடறதுக்கு எத்தினியாவது நம்பரு?"

"வாயை மூடறதுதான் முதல் நம்பர். படு."

அந்த ஐந்து நிமிடங்கள்தான் எனக்கு இப்போது வேண்டியிருக்கின்றன. ஒரு நாளைக்கு இரண்டு முறை. காலை ஐந்தரைக்கு, கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால். மாலை, முகம் கழுவியதும். அவள் இடது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்திருப்பாள். மேல் காதில் மருந்து நிற்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஷிஃப்ட்டில் நடந்ததைச் சொல்வேன்.

"கெணத்துக்குள்ள இருந்து பேசறா மாரி கீது. ஒண்ணும் புரியல. ஆனா நிறுத்தாத, பேசிக்கினே இரு" என்பாள்.

இரண்டு வருடத்தில் நாங்கள் அசையாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்தது அந்த வாரம்தான்.

நான்காம் நாள் மாலை நாலே தாவலில் படியேறி வந்தாள். "காது சுத்தமா சரியாயிடுச்சி. கீழ் ஊட்டு குக்கர் விசில் கூட கேக்குது. இனிமே அந்தப் பேஜாரு வேணாம்டி, போதும்."

வேறு எந்த நாளிலும் நான் சுவரைக் காட்டியிருப்பேன். வலி நின்றாலும் ஏழு நாள். பாதியில் விட்டால் கிருமி மிச்சமிருந்து திரும்பக் கிளம்பும். டாக்டர் சொன்னதும் அதுவே, நான் எழுதியதும் அதுவே.

"உன் இஷ்டம்" என்றேன்.

அலாரமும் வைக்கவில்லை.

அவள் போனால் அறையில் எவையெல்லாம் இருக்காது என்று மனசுக்குள் ஒரு பட்டியல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. குக்கர். நீல வாளி. ஜன்னலோரப் பாய். நான் எழுதி ஒட்டும் எதையும் சத்தமாகப் படித்துக் கிண்டல் செய்யும் குரல். காது திரும்ப வலித்தால், பரிசோதனையில் தேறாவிட்டால், இவை எல்லாம் இங்கேயே இருக்கும். இதை நான் யோசிக்கவில்லை என்று எழுத முடியாது. யோசித்தேன். சாம்பாருக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே யோசித்தேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்குத் தானாகவே விழிப்பு வந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வழக்கமாகக் குப்புறப் படுப்பவள், அந்த வாரப் பழக்கத்தில் வலது காதை மேலே வைத்து, என் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எந்த நேரமும் நான் மருந்து விடலாம் என்பதைப் போல.

எழுந்து கை கழுவினேன். பாட்டிலை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். விட்டுப்போன வேளைக்கும் சேர்த்து இரட்டிப்பாக விடக் கூடாது. மூன்றே சொட்டு.

"நேத்துதான் போதும்னு சொன்னேனே" என்று முனகினாள்.

"நீ சொன்னது டாக்டர் காதுல விழலை. அசையாதே."

எட்டாவது கட்டத்தைக் காலியாகவே விட்டு, ஒன்பதாவதில் டிக் அடித்தேன். மிச்சம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பரிசோதனையில் இரண்டு காதும் தேறின. அடுத்த ஞாயிறு சென்ட்ரல் வரை அவளோடு போனேன். திரும்பி வரும்போது லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பாட்டிலை அவள் மறந்துவிட்டுப் போயிருந்தாள். பாதி மருந்து இருந்தது. திறந்து ஒரு மாதத்தில் எறிய வேண்டும் என்று தெரியும். நான் எழுதிய தேதி அவள் கட்டைவிரல் எண்ணெய் பட்டு லேசாகக் கலைந்திருந்தது. அதனால் எறியவில்லை.

போன மாதம் எங்கள் ஆலையில் மெட்ராஸ் ஐ சுற்றியது. ஒரு காலை எனக்கும் இடது கண் சிவந்து, இமை பீளையில் ஒட்டிக்கொண்டது. அலமாரியில் அந்த பாட்டில். லேபிளில் கண்ணுக்கும் காதுக்கும் என்றுதான் போட்டிருந்தது. மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். பிறகு அவளுக்குப் போன் செய்தேன். கேட்பதற்கு ஒன்றுமில்லை. பதில் எனக்கே தெரியும்.

"அதையா இன்னும் வெச்சிக்கினு கீற?" என்று கத்தினாள். அவள் பின்னால் கேன்டீன் தட்டுகளின் சத்தம். "இரு, இரு, தாளு ரூம்ல ஒட்டிக்கீது. போட்டோ போன்ல கீது, படிக்கிறேன். ஒம்போது, ஒருத்தரு மருந்த இன்னொருத்தரு போடக் கூடாது. பத்து, தொறந்து ஒரு மாசம் ஆனா கடாசிடணும். எழுதனது எந்த மகராசி? போயி டாக்டரப் பாரு."

போனேன். கண்ணுக்கென்று தனியாகப் புது மருந்து. மாலை வீடியோ காலில் அவளைக் கூப்பிட்டு, கண்ணாடி முன்னால் போனைச் சாய்த்து வைத்தேன். கடைசி வரை லைனில் இருப்பேன் என்று அவளேதான் சொன்னாள். கீழிமையை இழுத்து, மேலே பார்த்து, முனை படாமல் ஒரு சொட்டு. கன்னத்தில் விழுந்தது. அடுத்தது கண்ணுக்குள்.

"கண்ண மூடு. மூக்காண்ட இருக்கிற மூலையை வெரலால அழுத்து. ஒரு நிமிஷம். நான் பாத்துக்கினு கீறேன்."

மூடினேன். அவள் எண்ணவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த எட்டாவது கட்டம் இன்னாடி காலியா கீது?" என்றாள். "தெனம் பாக்கறேன். நீ ஒண்ண வுடற ஆளே இல்லியே."

கண்ணை மூடியிருந்ததால் சொல்ல முடிந்தது. "நீ போயிடக் கூடாதுன்னு."

அவள் அறை ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும். லைன் போய்விட்டதா என்று பார்க்கக் கண்ணைத் திறக்கவும் முடியாது, நிமிடம் முடியவில்லை.

"அழுத்தறத நிறுத்தாத" என்றாள் கடைசியில். "இன்னும் நிமிஷம் ஆவல. பேசிக்கினே இரு."