சாம்பல் தொட்டுப் பிணைத்த இழை

அமலி ஒவ்வோர் இழைக்கும் முன்னால் சாம்பலைத் தொடுவாள். வலது முழங்காலோரம் ஒரு கொட்டாங்குச்சி, அதில் சலித்த அடுப்புச் சாம்பல். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பட்டும் படாமல் ஒற்றி எழும். தறியில் நெய்து தீர்ந்த பாவின், அதாவது நீளவாட்டு நூலின், நுனி ஒன்று, புதுப் பாவின் நுனி ஒன்று. இரண்டையும் சேர்த்து ஒரு முறுக்கு, மடித்து இன்னொரு முறுக்கு. முடிச்சு கிடையாது, முடிச்சுப் போட்டால் தறியின் அச்சுப் பல்லில் மாட்டும். பட்டு வழுக்காமல் பிடித்துக்கொடுப்பது சாம்பல்தான். ஒரு பாவுக்கு இப்படி நாலாயிரத்துச் சொச்சம் இழை. சர்ச்சில் பூசை கேட்கும்போதும் அந்த இரண்டு விரல்களும் தாமாகத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

அன்று நெசவாளி முத்துவேல் வீட்டுத் தறியில் வேலை. அமலியின் மகள் சோபியா நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. முத்துவேலுக்கு வாய் சும்மா இருக்காது.

"வெள்ளக்காரன் மில்லு வச்சி நம்மூரு வேட்டித் தறிய சாய்ச்சான். உம் பொண்ணு அவனுக்கே கஞ்சி ஊட்டிகினு கீது."

"ஊட்டட்டும்ணா. பசிச்ச வாய்க்கு ஊரு ஏது?"

முத்துவேல் சொன்னது பொய்யில்லை. அமலியின் கொள்ளுத்தாத்தா பருத்தி வேட்டி நெய்தவர். நீராவி மில்லில் நெய்த சீமை வேட்டி கப்பல் கப்பலாக வந்து இறங்கியபோது, தறியைப் பிரித்து அடுப்பில் வைத்துவிட்டு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். திரும்பவில்லை. அவர் விட்டுப்போன பிள்ளைகள்தான் பட்டுக்கு மாறினார்கள்.

நடுப்பகலில் போன் அடித்தது. அங்கே ராத்திரி டியூட்டி முடிந்திருந்தது. திரையில் சோபியாவின் முகம் வீங்கியிருந்தது.

"மா, நான் வந்துர்றேன்மா."

"இன்னாடி ஆச்சு?"

வார்டில் ஒரு பெரியவர். தொண்ணூறை நெருங்குகிறவர், பேச்சு நின்றுவிட்டது, கை மட்டும் நிற்பதில்லை. போர்வையைப் பிரித்து நூல் நூலாக எடுக்கிறார். மூக்கில் செருகிய குழாயையும் பிடுங்கிவிட்டார். பிடித்தால் அடிக்கிறார்.

"திங்கக்கிழமைல இருந்து கைக்கு உறை மாட்டிக் கட்டணுமாம். நான்தான் கட்டணுமாம். அழுவுறாரும்மா அந்த மனுஷன். எனக்கு இந்த வேலையே வேணாம்."

வந்துவிடு என்ற வார்த்தை அமலியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூன்று வருஷம் கண் விழித்துப் படித்துப் பரீட்சை எழுதி வாங்கிய வேலை. அவள் வார்த்தையை விழுங்கினாள்.

"எப்படிப் பண்றாரு? செஞ்சி காட்டு."

சோபியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு காட்டினாள். "மேசையில பவுடரக் கொட்டி வச்சிக்கிறாரு. அதைத் தொட்றாரு. அப்புறம் இப்படி, இப்படி... மறுபடி பவுடரு."

இரண்டு விரல் சேர்ந்தது. ஒரு முறுக்கு, ஒரு மடிப்பு, இன்னொரு முறுக்கு. காலையிலிருந்து ஓயாத அமலியின் கை அப்போதுதான் நின்றது.

"ஏய் சோபி! அது கிறுக்கு இல்லடி. அவரு பாவு பிணைக்கிறாரு!"

"இன்னாமா சொல்ற?"

"பொறந்ததுல இருந்து என் கையப் பாத்துகினு வளந்தவ, உனக்குத் தெரியலையா?"

"நீ தறியில செய்வ. வெறும் போர்வையில பாத்தா எப்படிமா தெரியும்?"

"நூலு குடுடி மனுஷனுக்கு! ஒரு அட்டையில இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை கட்டி முன்னால வையி. ஜல்தி!"

முத்துவேல் எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தார்.  பிறகு மெதுவாக, "பருத்தி நூலாக் குடும்மா. அந்த மில்லுக்காரங்க கைக்கு அதான் பழக்கம்" என்றார்.

திங்கட்கிழமை உறை தேவைப்படவில்லை. பெரியவர் நாற்பது இழை பிணைத்துவிட்டு, அட்டையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டே தூங்கிப்போனார். தலைமை நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, இதை யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டாளாம். "எங்கம்மா" என்றாளாம் சோபியா. அதற்குப்பின் அவள் வந்துவிடுகிறேன் என்று சொல்லவேயில்லை. பெரியவரின் மகள் வந்தபோது விவரம் தெரிந்தது: பெரியவர் பதினைந்து வயதில் பருத்தித் துணி மில்லில் சேர்ந்தவர், மில்லை மூடும்வரை பாவு பிணைக்கிற இதே வேலை.

அவர் இன்னும் எட்டு மாதம் இருந்தார். ஞாயிறுதோறும் அமலி அவருக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். பெயர் அவள் வாயில் நுழையவில்லை. யாருக்கு என்று சாமியார் கேட்டபோது, "நம்ம தொழில்காரரு ஒருத்தரு, ஃபாதர். எம் பொண்ண அங்க நிக்க வச்ச மனுஷன்" என்றாள்.

அடக்கம் முடிந்த மறுவாரம், அவர் மகள் ஒரு தகரப் பெட்டியைச் சோபியாவிடம் திறந்து காட்டினாள். உள்ளே, கப்பலேற்றும் துணிமேல் ஒட்டுகிற பழைய மில் சீட்டு ஒன்று. பெரியவருடைய அப்பா அதே மில்லில் நெய்த காலத்தது. கிளிப் படம் அழகாக இருக்கிறதென்று வைத்திருந்தார்களாம். கிளிக்குக் கீழே இருந்த எழுத்தை அந்த வீட்டில் தொண்ணூறு வருஷமாக யாராலும் படிக்க முடியவில்லை. சோபியா அதைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினாள். தமிழில் அச்சடித்திருந்தது:

நயம் வேட்டி. பத்து முழம். சென்னப்பட்டணம்.